கருவேல முள்ளும் விஞ்ஞானப் பெட்டியும்

நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் என்பது நெடுங்காலமாகக் காதால் கேட்கப்பட்டு, கையால் எழுதப்பட்டு, வாயால் ஒப்பிக்கப்பட்டு வந்த ஒரு பாடம். பிராணவாயு எரிதலுக்குத் துணை செய்யும் என்பதை ஒரு மெழுகுவர்த்தியைக்கூட ஏற்றிப் பாராமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடலாம். பூவுக்குச் சூலகம் உண்டு என்பதை, பள்ளி வேலியிலேயே பூத்திருக்கும் ஊமத்தையைப் பறித்துப் பிரிக்காமல், படம் வரைந்து பாகங்களைக் குறித்துக் காட்டிவிடலாம். ஆய்வுக்கூடம் என்று வாசலில் பெயர் எழுதிய அறை இருந்த பள்ளிகளிலும் கண்ணாடிக் குழாய்கள் பெரும்பாலும் அலமாரிக்குள் பூட்டியே கிடந்தன. உடைந்தால் மேலிடத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் உபாத்தியாயர்தான் ஆகையால், அவர் பூட்டி வைத்ததில் குற்றம் காண நியாயமில்லை. ஆனால் அந்த அலமாரிக்கு வெளியே நின்று ஏங்கிப் பார்த்த குழந்தைகளுக்கு நேர்ந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதவில்லை.

விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கையும் ஒன்றாகச் சேர்த்து ‘ஸ்டெம்’ என்ற சுருக்கப் பெயரால் அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெயரைத் தாங்கிய வண்டிகளும், உபகரணப் பெட்டிகளும், விடுமுறை முகாம்களும், நூலகத்திலும் ஊர்ச் சமுதாயக் கூடத்திலும் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளும் காசு வாங்காமல் குழந்தைகளைத் தேடி வருகின்றன. இவை நேற்று முளைத்தவை என்றும், அயல்நாட்டைப் பார்த்து நாம் கற்றுக்கொண்டவை என்றும் பலர் எண்ணுகிறார்கள். உண்மை அப்படியல்ல. குழந்தையின் கையில் பொருளைக் கொடு, பிறகு பேசு என்னும் முறையை, மின்விளக்கே எட்டிப் பாராத கிராமங்கள் மலிந்திருந்த காலத்தில், நர்மதை நதிக்கரையில் சில நூறு சாதாரணப் பள்ளிகள் முப்பது வருஷம் நடத்திக் காட்டியிருக்கின்றன. அந்தப் பரிசோதனையின் சரித்திரத்தை அறிந்துகொண்டால், இன்றைய இலவச முயற்சிகளில் எது வேர்பிடிக்கும், எது வாடிவிடும் என்பதை ஓரளவு தெளிவாகவே சொல்லிவிடலாம்.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்று ஒரு ஜில்லா உண்டு. இன்று அதற்கு நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது. அங்கே ரசூலியா என்னுமிடத்தில் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த அன்பர்கள் ஏற்படுத்திய ஒரு கிராம சேவை நிலையமும், பன்கேடி வட்டாரத்தில் கிஷோர் பாரதி என்ற ஸ்தாபனமும் இருந்தன. கிஷோர் பாரதியைத் தோற்றுவித்த டாக்டர் அனில் சத்கோபால், அமெரிக்காவின் கால்டெக்கில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பதவி வகித்து, அதைத் துறந்துவிட்டுக் கிராமத்துக்கு வந்தவர். இந்த இரு ஸ்தாபனங்களும் சேர்ந்து 1972-ல் மாநில சர்க்காரின் அனுமதியோடு, 16 நடுநிலைப் பள்ளிகளில், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு, விஞ்ஞானத்தைச் செய்து பார்த்தே கற்பிப்பது என்று தொடங்கின. அந்தப் பதினாறும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று பொறுக்கி எடுத்த பள்ளிகள் அல்ல. உழவர் வீட்டுக் குழந்தைகளும் கூலிக்காரர் வீட்டுக் குழந்தைகளும் தரையில் அமர்ந்து படித்த பள்ளிகள். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தத் திட்டத்தின்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஏனென்றால், நல்ல கல்வி என்பதை முதலில் வசதியுள்ள இடத்தில் நிறுவிவிட்டு, பிறகு ஏழைகளிடம் கொண்டுபோகலாம் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் இரண்டாவது காரியத்துக்கு வந்து சேர்ந்ததேயில்லை.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பெட்டி கொடுத்தார்கள். அதில் சீமைக் கண்ணாடிச் சாமான்கள் அதிகமில்லை. சந்தையில் வாங்கக்கூடியவையும், ஊசி மருந்து வந்த சிறு புட்டிகள் போல வீட்டிலும் வைத்தியசாலையிலும் தூக்கி எறியக்கூடியவையுமே முக்கியமாக இருந்தன. உடைந்துபோனால் மறுபடி கிடைக்கும் பொருளாக இருந்தால்தான் உபாத்தியாயர் அதைத் துணிந்து குழந்தையின் கையில் கொடுப்பார் என்பதை அவர்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். அந்தத் திட்டத்தோடு பழகியவர்கள் இன்றும் சொல்லி மகிழும் செய்தி ஒன்று உண்டு: பூக்களைப் பிரித்துப் பார்க்கும் பாடத்துக்கு ஊசி வேண்டியிருந்தபோது, பள்ளிக்கு அருகிலேயே நின்ற கருவேல மரத்தின் முள் அந்த வேலையை ஊசிக்குச் சளைக்காமல் செய்துவிடும் என்பது கண்டுபிடிக்கப்பட்டது. முள் கூர்மையானது, துருப்பிடிக்காதது, விலையில்லாதது, எத்தனை வேண்டுமானாலும் கிடைப்பது. நகரத்திலிருந்து வந்த படித்தவர்களின் பட்டியலில் இருந்த ஒரு சாமானைக் கிராமத்து அறிவு இப்படி நீக்கிவிட்டது. இலவசமாகக் கொடுப்பவரும் பெற்றுக்கொள்பவரும் என்ற பேதம் அந்த இடத்தில் கொஞ்சம் கலைந்துபோனது என்பதுதான் எனக்கு இதில் பெரிதாகத் தெரிகிறது.

பாடங்கள் எப்படி நடந்தன என்பதற்கு ஒன்றை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நீளத்தை அளக்கக் கற்பிக்க வேண்டும். வழக்கமான புத்தகம் மீட்டர் என்றால் என்ன, சென்டிமீட்டர் என்றால் என்ன என்று வாய்பாடு சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஹோஷங்காபாத்தில் நால்வர் நால்வராக அமர்ந்த குழந்தைகள் ஒரே பொருளை, மேஜையின் நீளம் என்று வைத்துக்கொள்வோம், ஒருவர் பின் ஒருவராக அளந்தார்கள். ஒருத்தி 120 என்கிறாள். அடுத்தவன் 121 என்கிறான். மூன்றாமவன் அளவுகோலை நகர்த்தி வைக்கும்போது இடைவெளி விட்டுவிட்டான் போலும், அவனுக்கு 118 வருகிறது. பழைய முறையில் உபாத்தியாயர் தாமே ஒருமுறை அளந்து, சரியான விடை இதுதான் என்று அறிவித்து, மற்றவர்களைத் தவறு செய்தவர்கள் ஆக்கிவிடுவார். இங்கே அப்படியில்லை. எல்லா அளவுகளையும் கரும்பலகையில் எழுதி, எந்த அளவு எத்தனை முறை வந்தது என்று எண்ணி, ஒன்றின்மேல் ஒன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டே போகிறார்கள். நடுவில் புள்ளிகள் குவிந்தும், இரு ஓரங்களிலும் குறைந்தும் ஒரு மேடு உருவாகிறது. அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டு, யாருடைய அளவு சரி, ஏன் எல்லோருக்கும் ஒன்றுபோல வரவில்லை, இன்னும் கவனமாக அளந்தால் மேடு ஒடுங்குமா என்று வகுப்பு முழுவதும் விவாதிக்கிறது. கல்லூரியில் புள்ளியியல் படிப்பவர்களுக்குப் பிழையின் இயல்பு என்று பிரமாதமாகச் சொல்லித்தரும் தத்துவம், பதினோரு வயதுக் குழந்தைக்குத் தன் கை அளந்த மேஜையிலிருந்தே பிரத்தியட்சமாகிவிடுகிறது. அளவுகளின் இந்த ஏற்ற இறக்கத்துக்கென்றே அவர்கள் தனிப்பாடம் வைத்திருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் விஞ்ஞானத்தின் ஜீவநாடி எது என்பதை எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தார்கள் என்று ஆச்சரியப்படுகிறேன்.

அந்தப் புத்தகத்துக்கு ‘பால வைக்ஞானிக்’ என்று பெயர். அதில் விடைகள் இல்லை. என்ன செய்து பார்க்க வேண்டும் என்ற குறிப்பும், பார்த்ததை எழுதிக்கொள்ள அட்டவணையும், பிறகு கேள்விகளும் உண்டு. குழந்தைகள் வயலுக்கும் ஓடைக்கும் சென்று வர வேண்டிய பாடங்களும் இருந்தன. பாடத்துக்கு வெளியே எழும் சந்தேகங்களைச் ‘சவாலிராம்’ என்ற கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதிப் போடலாம்; எழுதிய குழந்தைக்குப் பதில் வந்து சேரும்.

இவ்வளவையும் நடத்த வேண்டியவர் கிராமத்து உபாத்தியாயர். அவர் தாமே பள்ளியில் ஒரு பரிசோதனையும் செய்து பாராமல் படித்து வந்தவர். ஆகவே கோடை விடுமுறையில் ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று வாரம் என்ற கணக்கில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா நிறுவனத்திலிருந்தும் வந்த விஞ்ஞானிகளும் பேராசிரியர்களும் அவர்களோடு ஒரே தரையில் அமர்ந்து, ஆறாம் வகுப்புக் குழந்தை செய்ய வேண்டிய அதே பரிசோதனைகளைச் செய்தார்கள். பள்ளி திறந்த பிறகும் உபாத்தியாயர்களைத் தனியே விட்டுவிடவில்லை. மாதந்தோறும் அவர்கள் கூடிப் பேசினார்கள், உதவிக்கு வந்தவர்கள் வகுப்புக்கே சென்று உட்கார்ந்து பார்த்தார்கள், எந்தப் பாடம் வகுப்பில் ஓடவில்லை என்று உபாத்தியாயர் சொன்னாரோ அந்தப் பாடம் திருத்தி எழுதப்பட்டது. இவற்றால் விளைந்த பெரிய லாபம் ஒன்று உண்டு. ஒரு குழந்தை கேட்கும் கேள்விக்கு, “எனக்குத் தெரியாதப்பா, வா, செய்து பார்ப்போம்” என்று வகுப்பின் முன் சொல்லும் சுதந்திரம் உபாத்தியாயருக்குக் கிடைத்தது. நம் சமூகத்தில் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டிய பாரத்தை உபாத்தியாயரின் தலைமேல் ஏற்றி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்கும் குழந்தை அதிகப்பிரசங்கி என்று பெயரெடுப்பதற்கு அந்தப் பாரமே பாதிக் காரணம். அதை இறக்கி வைக்க ஒரு பேராசிரியர் அவர் அருகில் அமர்ந்து தாமும் தடுமாறிக் காட்ட வேண்டியிருந்தது.

இந்தச் சூழ்நிலைக்குள் 1978-ல் ஓர் இளைஞர் வந்தார். அரவிந்த் குப்தா என்பவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் டெல்கோ கம்பெனியில் என்ஜினீயராக இருந்தவர். ஒரு வருஷ விடுப்பில் கிஷோர் பாரதிக்கு வந்தார். கிராமத்துச் சந்தையில் விற்கும் சாமான்களைப் பார்த்துப் பார்த்து, அவற்றிலிருந்து குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்று யோசித்த அவருக்குத் தீப்பெட்டியும், சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும் வால்வில் மாட்டுகிற மெல்லிய ரப்பர்க் குழாயும் போதுமானவையாக இருந்தன. வால்வு டியூபை விரல்நக அகலத்தில் துண்டு துண்டாக வெட்டி, அதன் இரு முனைகளிலும் மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைச் செருகினால், விரும்பிய பக்கம் மடங்கும் ஒரு மூட்டு கிடைக்கிறது. மூன்று குச்சிகளையும் மூன்று மூட்டுகளையும் கோத்தால் முக்கோணம். நான்கைக் கோத்தால் சதுரம். சதுரத்தின் ஒரு மூலையை லேசாகத் தள்ளினால் அது சாய்ந்து வைரவடிவம் ஆகிவிடுகிறது. முக்கோணத்தையோ எப்படித் தள்ளினாலும் உருவம் மாறுவதில்லை. மூட்டின் நடுவில் முள்ளால் ஒரு துளையிட்டு, கூர்சீவிய மூன்றாவது குச்சியைச் செருகினால் மூன்று குச்சிகள் கூடும் மூட்டு உண்டாகிறது. அப்படி நான்கு மூட்டுகளும் ஆறு குச்சிகளும் சேர்ந்து நான்கு முகமுள்ள ஒரு கூம்பாக நிமிர்ந்து நிற்கும். பன்னிரண்டு குச்சிகள் போட்டுச் செய்த கனசதுரமோ நிற்க வைத்த மாத்திரத்தில் துவண்டு விழுகிறது. அதன் முகங்களில் குறுக்கே குச்சி கொடுத்துச் சதுரங்களை முக்கோணங்களாக்கினால் அதுவும் நிமிர்ந்துவிடும். ஓட்டு வீட்டுக் கூரையின் மரச்சட்டத்திலும், வயல்களுக்கு நடுவே நிற்கும் மின்சாரக் கோபுரங்களிலும், இரும்புப் பாலங்களிலும் குறுக்குச் சட்டங்கள் ஏன் ஓடுகின்றன என்ற கேள்விக்கு, அந்தக் குழந்தையின் உள்ளங்கையிலேயே விடை உட்கார்ந்திருக்கிறது. விஞ்ஞானம் ஒரு பக்கம், பொறியியல் ஒரு பக்கம், கணிதம் ஒரு பக்கம் என்ற பிரிவினைக்கு அங்கே இடமேது?

பெட்டியைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் பேசுபவர்கள் அநேகர். ஆனால் ஹோஷங்காபாத்தார் செய்த காரியங்களில் மிகத் துணிச்சலானது எது என்று என்னைக் கேட்டால், பரீட்சையை மாற்றினார்களே, அதைத்தான் சொல்வேன். வருஷம் முழுவதும் செய்து பார்த்துப் படித்த குழந்தையை, வருஷக் கடைசியில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கச் சொன்னால், அடுத்த வருஷம் அந்தக் குழந்தையும், அதன் பெற்றோரும், உபாத்தியாயரும் பெட்டியை மூடிவிட்டு நோட்ஸைத் திறந்துவிடுவார்கள். அது மனித இயல்பு. ஆகவே எட்டாம் வகுப்பின் பொதுப் பரீட்சையிலும் விஞ்ஞானத்துக்குக் குழந்தைகள் புத்தகத்தையும் தங்கள் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டு எழுதலாம் என்று சர்க்காரின் சம்மதத்தைப் பெற்றார்கள். புத்தகத்தில் பார்த்து எழுதக்கூடிய கேள்விகளாக அவை இருந்தால் தானே ஆபத்து? ஒரு பரிசோதனையின் விவரத்தைக் கொடுத்து அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்றும், இன்ன சந்தேகத்தைத் தீர்க்க எப்படிப் பரிசோதிப்பாய் என்றும் கேட்கும்போது, புத்தகம் திறந்திருப்பதால் யோசிக்கத் தெரியாதவனுக்கு ஒரு லாபமும் இல்லை. எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் இருந்தது. சர்க்கார் பள்ளிகளில் இப்படி ஒரு முறை வருஷக்கணக்காக நடந்தது என்பதை இன்று சொன்னாலும் நம்பத் தயங்குகிறார்கள்.

1978-ல் திட்டம் அந்த ஜில்லாவின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதை மேலும் பரப்புவதற்காக 1982-ல் ஏகலவ்யா என்ற ஸ்தாபனம் தோன்றியது. ‘சக்மக்’ என்ற குழந்தைகள் பத்திரிகையையும் 1985 முதல் அது நடத்தி வருகிறது. மத்தியப் பிரதேசத்தின் வேறு பல ஜில்லாக்களுக்கும் பரவி, சுமார் ஆயிரம் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த நிலையில், 2002-ல் மாநில சர்க்கார் திட்டத்தை நிறுத்திவிட்டது. அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடப் பின்தங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும், மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடமுறை வேண்டும் என்ற வாதமும் அப்போது முன்வைக்கப்பட்டன. எட்டாம் வகுப்பு வரை ஒரு முறையில் யோசிக்கப் பழகிய குழந்தை ஒன்பதாம் வகுப்பில் பழைய புத்தகத்தையும் பழைய பரீட்சையையும் சந்தித்தபோது தடுமாறியிருக்கலாம். அந்தத் தடுமாற்றத்துக்கு மருந்து மேல்வகுப்புப் பரீட்சையைத் திருத்துவதா, கீழ்வகுப்புப் படிப்பைத் திருத்துவதா என்பதே கேள்வி. சர்க்கார் சுலபமான வழியைத் தேர்ந்துகொண்டது. முப்பது வருஷ உழைப்பை ஓர் உத்தரவு முடித்து வைத்ததை என்னால் சமாதானத்தோடு எண்ணிப் பார்க்க முடியவில்லை.

ஆயினும் அந்த நர்மதைக் கரையில் விளைந்த விதைகள் பல திசைகளிலும் போய் விழுந்திருந்தன. அரவிந்த் குப்தா பிற்பாடு புனேயில், வானியல் ஆராய்ச்சிக்கென்று ஏற்பட்ட ஐயூகா நிறுவனத்துக்குள், பள்ளிக் குழந்தைகளுக்கான ‘முக்தாங்கண்’ விஞ்ஞான நிலையத்தில் பல வருஷம் பணியாற்றினார். பழைய செய்தித்தாளும், உறிஞ்சுகுழலும், பிளாஸ்டிக் புட்டியும் அங்கே பொம்மைகளாக மாறின. அவற்றைச் செய்யும் விதத்தை விளக்கும் புத்தகங்களையும் படங்களையும் உலகமே இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி அவர் வழங்கிவிட்டார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்னொரு பக்கம், நம் எல்லையை ஒட்டி, தெலுங்கோடு தமிழும் கன்னடமும் புழங்கும் குப்பத்தில், 1999-ல் தோன்றிய அகஸ்தியா என்ற ஸ்தாபனம் பரிசோதனைச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகச் செல்லும் முறையைப் பெரிய அளவில் நடத்தி வருகிறது. பள்ளிக்கு ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுக்கப் பணமில்லையென்றால் ஆய்வுக்கூடமே பள்ளிக்குப் போகட்டும் என்பது அவர்கள் கொள்கை.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் 1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார். 1987-ல் அவர்கள் குழந்தைகளுக்காகத் ‘துளிர்’ என்ற விஞ்ஞான மாத இதழை ஆரம்பித்தார்கள். அரவிந்த் குப்தாவின் புத்தகங்களும் தமிழில் வந்தன. 1993 முதல் தேசிய அளவில் நடக்கும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்காக, நம் கிராமத்துப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் குளத்தையும் குப்பையையும் பயிரையும் ஆராய்ந்து அறிக்கை எழுதி, மேடையேறிப் படித்திருக்கிறார்கள். பள்ளிக்கு வெளியே, மர நிழலிலும் திண்ணையிலும், சம்பளம் வாங்காத தொண்டர்கள் நடத்திய இந்த வகுப்புகளில் முதன்முதலாகக் காந்தத்தைக் கையில் பிடித்த குழந்தைகள் எத்தனையோ பேர்.

தொண்டர்கள் நடந்த இந்தப் பாதையில் இப்போது அரசும் இறங்கியிருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்ட வானவில் மன்றம் தமிழக அரசின் திட்டம். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை, அதாவது ஹோஷங்காபாத்தில் எடுத்துக்கொண்ட அதே மூன்று வகுப்புகள், இதிலும் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. கருத்தாளர்கள் என்று அழைக்கப்படும் இளைஞர்களும் யுவதிகளும் சாமான்களோடு பள்ளிக்கு வருகிறார்கள். எளிய பொருள்களைக் கொண்டு பரிசோதனைகள் நடத்துகிறார்கள். குழந்தைகளையும் செய்யச் சொல்கிறார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன். வரவேற்பதனாலேயே சில கேள்விகளைக் கேட்க வேண்டியிருக்கிறது. கருத்தாளர் வந்துபோன மறுநாள் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது? அவர் செய்ததை வகுப்பு ஆசிரியர் தொடர்ந்து செய்ய அவருக்குப் பயிற்சியும், நேரமும், தீர்ந்துபோன சாமானை மறுபடி வாங்கச் சிறு தொகையும் கிடைக்கின்றனவா? உடைந்தால் கணக்குக் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, அரையாண்டுத் தேர்வின் வினாத்தாளில் வானவில் மன்றத்தின் சுவடு ஏதாவது தென்படுகிறதா?

கடைசிக் கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு சிரமமான காரியமல்ல. ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு மூன்று கிண்ணங்களில் நிறமும் மணமும் இல்லாத மூன்று நீர்களைக் கொடுக்கலாம்: சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்து இறுத்தது ஒன்று, படிகாரம் கரைத்தது ஒன்று, வெறும் மழைநீர் ஒன்று. கூடவே மஞ்சள் தடவி உலர்த்திய காகிதத் துண்டுகள் சில. சுவைத்துப் பாராமல் எது எது என்று கண்டுபிடித்து, கண்டுபிடித்த விதத்தையும் எழுது என்று கேட்கலாம். சுண்ணாம்பு நீரில் நனைத்த மஞ்சள் காகிதம் சிவந்துவிடும்; மற்ற இரண்டிலும் மஞ்சளாகவே இருக்கும். அவ்விரண்டில் எது படிகாரம், எது மழைநீர் என்று பிரிக்க வேறு சாமான் ஒன்றும் தரப்படவில்லையே என்று குழந்தை சற்று விழிக்கும். பிறகு, கையில் சிவந்து நிற்கும் அந்தக் காகிதத்தையே எடுத்து ஒரு கிண்ணத்தில் நனைத்துப் பார்க்கத் தோன்றும். படிகார நீரில் அது மறுபடி மஞ்சளாகிவிடும். மஞ்சள்பொடி, சுண்ணாம்பு, படிகாரம் மூன்றும் எந்த ஊர் மளிகைக் கடையிலும் கிடைக்கின்றன. ஒரு வகுப்புக்கு வேண்டியதை ஆசிரியர் பரீட்சைக்கு முதல் நாள் மாலை வீடு திரும்பும் வழியில் வாங்கிவிடலாம்.